பழைய ஷெவர்லே பிக்கப் டிரக்கில் கார்புரேட்டர் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 1954 ஷெவர்லே 3100 பிக்கப்பைப் பற்றி. 235 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அதன் மேல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் ஒற்றைத் தொண்டை ராச்செஸ்டர் பி கார்புரேட்டர். 1947-ல் தொடங்கி 1955 வரை வந்த அந்த உருண்டை மூக்கு வண்டிகளில், சின்ன டிரக்குகளுக்கு முதலில் 216 எஞ்சின்தான். 1954-ல்தான் 235 வந்தது. 216 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் ஷெவர்லே வண்டிகளைப் பாகங்களை இணைத்து உருவாக்கி விற்றது. அதனால் நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகளுக்கு இந்தக் குடும்பத்து எஞ்சின் புதிதல்ல. ஆனால் இன்று என்னிடம் கேட்பவர்கள் அமெரிக்காவில் வாழும் நம் ஆட்கள். கராஜில் ஒரு டிரக்கை வாங்கிப் போட்டு, எஞ்சினைப் பிரித்து ரீபில்ட் செய்துவிட்டு, கடைசியில் கார்புரேட்டரில் வந்து மாட்டிக்கொள்பவர்கள்.

எஞ்சினுக்கு எல்லாம் புதுசு. கார்புரேட்டருக்கும் புது பேக்கிங்கெல்லாம் வரும் ரிப்பேர் கிட் போட்டாச்சு. ஆனாலும் சரியாக ஓடவில்லை. கார்புரேட்டர்தானே காரணம்?

அநேகமாக இல்லை. ரீபில்ட் செய்த எஞ்சினில் "கார்புரேட்டர் கோளாறு" என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் டைமிங் (பொறி விழும் நேரம்), பாயிண்ட் (பொறியைத் தூண்டும் தொடுமுனைகள்), டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்), மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்த் தொகுதி) ஏர் இழுப்பது ஆகியவைதான். கார்புரேட்டர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, நாலு ஸ்க்ரூ கழற்றினால் கையில் வந்துவிடுகிறது, அதனால் முதல் அடி அதற்கு விழுகிறது. எஞ்சின் முழுவதையும் பிரித்துப் பூட்டிய பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும் தவறு நடந்திருக்கலாம். எல்லாம் புதுசு என்றால், எல்லாமே இன்னும் சோதிக்கப்படாதது என்றுதான் அர்த்தம்.

சரி, கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

முதலில் டேப்பெட். புது ஹெட் பேக்கிங் சூடேறி அமர்ந்ததும் ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் பண்ண வேண்டும். பண்ணினால் டேப்பெட் இடைவெளி மாறிவிடும். ஒரு வால்வு கொஞ்சம் இறுக்கமாக நின்றாலும் ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) மிஸ் அடிக்கும். அந்த மிஸ்ஸை எந்த ஜெட்டாலும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) சரிசெய்ய முடியாது.

அடுத்தது பாயிண்ட். இடைவெளி 0.016 முதல் 0.018 அங்குலம், பிளக் 0.035 அங்குலம். பற்றவைப்பு வரிசை 1-5-3-6-2-4. இரண்டு பிளக் வயர் இடம் மாறியிருந்தால் கார்புரேட்டர் வழியாகவே படார் படாரென்று வெடிக்கும். பார்ப்பவர் "லீன்" (பெட்ரோல் குறைவு) என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அப்புறம் டைமிங். இந்த எஞ்சினில் குறி முன்பக்கப் புல்லியில் இல்லை. ஸ்டார்ட்டர் பக்கம் பெல் ஹவுசிங்கில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் ஃப்ளைவீலில் அடித்துப் பதித்த ஒரு எஃகு குண்டு தெரியும். அதுதான் பிஸ்டன் உச்சிக்கு 5 டிகிரி முன்னே என்பதற்கான குறி. குண்டின் மேல் சாக்பீஸோ வெள்ளைப் பெயிண்டோ வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டைமிங் லைட் வெளிச்சத்தில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ரீபில்ட்டில் ஃப்ளைவீலைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் குண்டு பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தடவிப் பாருங்கள், விரலில் தட்டுப்படும்.

கடைசியாக, ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன். எண் எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ரிங் இன்னும் அமராத எஞ்சின் முதல் சில நூறு மைல்களுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும்.

வேக்யூம் கேஜ் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் காட்டும் மானி) வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். விலை சாப்பாட்டுச் செலவு அளவுதான். மேனிஃபோல்டில் வைப்பர் குழாய் வரும் இடத்தில் மாட்டி, எஞ்சின் சூடான பிறகு ஸ்லோவில் பாருங்கள். முள் 17 அங்குலத்துக்கும் 21 அங்குலத்துக்கும் நடுவில் ஆடாமல் நின்றால் எஞ்சின் நலம். ஆடாமல் ஆனால் 12, 13 என்று தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது எங்கோ ஏர் இழுக்கிறது. ஒரே தாளத்தில் துடித்தால் வால்வு. மெதுவாக மேலும் கீழும் அலைந்தால்தான் மிக்சரை (காற்று-பெட்ரோல் கலவையை) சந்தேகிக்கலாம். டென்வர் மாதிரி உயரமான ஊர் என்றால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் ஒரு அங்குலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோ நிற்கவே இல்லை. ஸ்க்ரூவைத் திருகித் திருகி அலுத்துவிட்டது. என்ன செய்வது?

ஏர் எங்கே இழுக்கிறது என்று தேடுங்கள். இந்த எஞ்சினில் அதற்கென்றே மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டில் சேரும் முகம். இந்த எஞ்சினில் இன்டேக் வாய்களுக்குள் மெல்லிய உலோக வளையங்கள் உட்காரும், மேனிஃபோல்டை நேராக நிறுத்துவதற்கு. ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது இவை பட்டறையிலேயே தங்கிவிடுவது சாதாரணம். வளையம் இல்லாவிட்டால் மேனிஃபோல்டு ஒரு நூல் அளவு கீழே இறங்கி உட்காரும். பேக்கிங் ஒரு ஓரத்தில் பிடிக்காது. இன்னொன்றும் உண்டு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் நடுவில் ஒன்றோடொன்று போல்ட் போட்டுச் சேர்ந்தவை. அவற்றை முதலில் தங்களுக்குள் முறுக்கிவிட்டு அப்புறம் ஹெட்டில் வைத்தால் இரண்டு முகமும் ஒரே தளத்தில் வராது. நடு போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, ஹெட்டில் அமர்த்தி, பிறகு நடுவை இறுக்குங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டியே ஒரே தளமாகச் சீவிக் கொடுக்கச் சொல்வது அதைவிட நல்லது.

இரண்டாவது, த்ராட்டில் ஷாஃப்ட், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தகட்டின் தண்டு. எழுபது வருடம் மிதித்த ஷாஃப்ட்டுக்கு ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். கிட்டில் இதற்கு மருந்து கிடையாது. விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொட லொடவென்றால் அந்த அடிப்பகுதியைத் துளையிட்டுப் பித்தளை புஷ் போட வேண்டும்.

மூன்றாவது, வைப்பர். இந்த வண்டியின் வைப்பர் வேக்யூமில் ஓடுவது. ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ வைப்பர் மோட்டாரே கசிந்தாலோ அது நேராக மேனிஃபோல்டுக்குள் காற்றை விடும். குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கசிவைக் கண்டுபிடிக்க எல்லோரும் கார்ப் கிளீனரை அடிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு ஒரு சாண் மேலே எரியக்கூடிய திரவத்தைப் பீய்ச்சுவது எனக்குப் பிடிக்காத வேலை. பூவுக்குத் தெளிக்கிற மாதிரி பாட்டிலில் தண்ணீர் போதும். கசியும் இடத்தில் தண்ணீர் பட்டதும் ஓட்டை ஒரு நொடி அடைபடும், எஞ்சின் சத்தம் மாறும். எதைச் செய்தாலும் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி செத்துப்போய், அப்புறம்தான் எடுக்கிறது. கார்புரேட்டருக்குள் இருக்கிற ஆக்ஸிலரேட்டர் பம்ப் போய்விட்டதா?

பார்ப்பது சுலபம். எஞ்சினை நிறுத்துங்கள், ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள், தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலை ஒரு முறை இழுங்கள். இழுத்த அந்தக் கணமே ஒரு கோடாகப் பெட்ரோல் பாய வேண்டும். சொட்டினாலோ, பாதி இழுத்த பிறகு பாய்ந்தாலோ பம்ப் பக்கம் பிரச்சினை: தோல் காய்ந்து சுருங்கியிருக்கும், அல்லது அடியில் இருக்கிற சின்னக் குண்டு அதன் இருக்கையில் உட்காராமல் இருக்கும். கழுவும்போது அந்தக் குண்டு தரையில் உருண்டு தொலைந்து, குண்டே இல்லாமல் பூட்டப்பட்ட கார்புரேட்டரையும் பார்த்திருக்கிறேன்.

பாய்ச்சல் நன்றாக இருந்தும் முக்குகிறது என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) பக்கம் போங்கள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் எஞ்சின் போட்ட புதிதில் இதே கதைதான். பம்ப் தோலை மாற்றினேன், இரண்டு வாரக் கடைசிகள் போயின, வேறொரு பழைய கார்புரேட்டரை வாங்கி மாட்டினேன், அதிலும் அதே முக்கல். இந்த எஞ்சினில் வேக்யூம் அட்வான்ஸ் (வேக்யூமைக் கொண்டு டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு) உள்ளே இருக்கும் தட்டை மட்டும் நகர்த்துவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு மொத்தமும் பிளாக்கில் திரும்ப வேண்டும். நானோ பிளாக்குக்கு அழகாக நீலச் சாம்பல் பெயிண்ட் அடித்தபோது அந்த இடுக்கிலும் இரண்டு கோட் அடித்து வைத்திருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கோடு ஒட்டிப்போயிருந்தது. கையால் திருப்பினால் அசையவில்லை. கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டினதும் வண்டி ஆளே மாறிவிட்டது. கையால் சற்றே திருப்பிவிட்டால் ஸ்பிரிங்கில் தானாகத் திரும்பி வரவேண்டும். முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் அந்த இரண்டாவது கார்புரேட்டர் காசு மிஞ்சியிருக்கும்.

கறுப்புப் புகை, பிளக்கெல்லாம் கரி, கேபினுக்குள் பெட்ரோல் வாசம். ரிச்சாக ஓடுகிறது என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை.

முதலில் புகையின் நிறத்தைச் சரியாகப் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில்; புது ரிங் அமரும் வரை கொஞ்சம் வரலாம். அதற்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தமில்லை.

கறுப்புதான் என்றால் சோக் தகட்டிலிருந்து (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் தகடு) ஆரம்பியுங்கள். இந்த டிரக்கில் கையால் இழுக்கிற சோக். குமிழை முழுக்க உள்ளே தள்ளியும் கேபிள் நீளம் பத்தாமல் தகடு பாதி மூடியே நிற்பது சர்வ சாதாரணம். தகடு நேராக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள், டாஷ்போர்டு குமிழை நம்பாதீர்கள்.

அடுத்தது எரிபொருள் அழுத்தம். பழைய மெக்கானிக்கல் பம்ப் சுமார் 4 பிஎஸ்ஐதான் கொடுக்கும். அதைத் தூக்கிவிட்டு ஏழு பிஎஸ்ஐ எலக்ட்ரிக் பம்ப் போட்டால் கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வால் அதைத் தாங்க முடியாது. கிண்ணம் நிரம்பித் தொண்டையில் வழியும். ரெகுலேட்டர் போடுங்கள், இல்லை பழைய பம்புக்கே திரும்புங்கள்.

பிறகு ஃப்ளோட், அதாவது கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலவென்றால் பெட்ரோல் குடித்திருக்கிறது. சத்தம் இல்லாவிட்டாலும் கொதிக்கும் சூட்டில் இருக்கிற தண்ணீரில் அமுக்குங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஓட்டை வழியே குமிழி விடும். கொலுசுக்கு ஒட்டுவது போல் ஒரே ஒரு பொட்டு ஈயம் போதும். அதிகம் வைத்தால் ஃப்ளோட் கனத்துவிடும், மட்டமும் ஏறிவிடும்.

இவை எல்லாம் சரியென்றால் ராச்செஸ்டர் பி-க்கே உரிய வியாதிக்கு வரலாம். இதன் மேல் மூடியில் ஒரு பவர் பிஸ்டன் உண்டு. ஸ்லோவிலும் சாதாரண ஓட்டத்திலும் எஞ்சின் வேக்யூம் அதை மேலே இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். ஏற்றத்தில் வேக்யூம் விழுந்ததும் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளி, கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடும். அந்த வேக்யூம் வரும் பாதை மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவிலுள்ள பேக்கிங்கைக் கடந்து போகிறது. மூடி வளைந்திருந்தால் அங்கே கசியும், பிஸ்டன் மேலே நிற்காது, எப்போதும் ஏற்றத்தில் போவதாக நினைத்து வண்டி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பல வருடம் பலர் ஸ்க்ரூவை ஓவராக முறுக்கியதால் வளைந்ததுதான் அது. மூடியை ஒரு கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்து மூலைகளை அழுத்துங்கள், ஆடினால் வளைவு. கண்ணாடி மேல் மெல்லிய எமரி தாள் ஒட்டி, எட்டு வடிவத்தில் நிதானமாகத் தேய்த்து எடுக்கலாம். முகம் முழுதும் ஒரே மாதிரி மினுக்கியதும் நிறுத்திவிடுங்கள்.

வெயிலில் ஓட்டி நிறுத்தினால் கால் மணி நேரத்துக்கு ஸ்டார்ட் ஆகாது. ஆறினால் ஆகிறது.

நின்றதும் எக்ஸாஸ்ட் சூடு மேலே ஏறி, கிண்ணத்தில் பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. அது தொண்டையில் வழிந்து எஞ்சினை மூழ்கடித்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி, பம்ப் அடிக்காமல், ஸ்டார்ட் பண்ணுங்கள். பிடித்துக்கொண்டால் விஷயம் அதுதான்.

கார்புரேட்டருக்குக் கீழே வெப்பம் தடுக்கும் தடித்த பேக்கிங் இருக்கிறதா பாருங்கள். கிட்டில் வந்த மெல்லிய காகிதத்தை மட்டும் போட்டிருப்பார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எடைக்கட்டியும் சுருள் ஸ்பிரிங்கும் உள்ள ஒரு ஹீட் வால்வு இருக்கிறது. குளிரில் சூட்டை இன்டேக் பக்கம் திருப்பிவிட்டு, சூடானதும் விலகிக்கொள்ள வேண்டியது அதன் வேலை. துருப்பிடித்து மூடிய நிலையில் நின்றால் கார்புரேட்டரை அடுப்பில் வைத்த மாதிரிதான். பெட்ரோல் குழாயும் எக்ஸாஸ்டை உரசாமல் போக வேண்டும்.

ஆனால் பிளக்கில் பொறியே வரவில்லை என்றால் பெட்ரோலை விடுங்கள். சூட்டில் உயிரை விடுவதில் பொறிக்கான மின்சாரத்தைத் தரும் கண்டன்சரும் காயிலும் பேர்போனவை. புதுசாக வாங்கிய கண்டன்சரும் சேர்த்தி.

சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. மேட்டில், இல்லை 50 மைலைத் தாண்டினால் இழுவை இல்லை.

கிண்ணத்துக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்க் துரு, ஃபில்டர் அடைப்பு, பம்ப் டயாஃப்ரம், இந்த வரிசையில் பாருங்கள். இந்த வண்டியின் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. காற்றுத் துளை இல்லாத மூடி போட்டிருந்தால், கொஞ்ச தூரம் ஓடியதும் டேங்குக்குள் வேக்யூம் உண்டாகி வண்டி திணறும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே போனால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளும், கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டுக்கு மிக்சர் சற்று லீனாகும். 10 சதவீதத்துக்கு அதை மிக்சர் ஸ்க்ரூவிலேயே சமாளித்துவிடலாம். பழைய ரப்பர்தான் கெட்டுப்போகும். எத்தனாலைத் தாங்கும் என்று எழுதியிருக்கிற கிட்டும் குழாயும் வாங்குங்கள். பழைய டேங்கில் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் கொட்டும். முதல் இரண்டு டேங்க் வரை ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். இந்தியாவில் இப்போது 20 சதவீதம். அங்கே இப்படி ஒரு பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

மிக்சர் ஸ்க்ரூவை எப்படி வைப்பது?

மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகு. ஸ்க்ரூவை மெதுவாக, நோகாமல், முட்டும் வரை உள்ளே திருகுங்கள். முறுக்கினால் ஊசி முனையில் வளையம் விழுந்துவிடும், அப்புறம் அது எதற்கும் உதவாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, வேக்யூம் முள் எங்கே உச்சத்தில் நிற்கிறதோ அங்கே விட்டு, ஸ்லோவை 450–500 ஆர்பிஎம்முக்கு இறக்கி, மறுபடி ஒரு முறை பாருங்கள். ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகியும் எஞ்சின் அணையவில்லை என்றால், பெட்ரோல் வேறு வழியில் போகிறது. கறுப்புப் புகை கேள்விக்குத் திரும்புங்கள்.

கழுவும்போது கவனிக்க வேண்டியது?

ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள், காற்றடித்தால் போதும். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு மூன்று பேக்கிங் வரும். பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு துளையும் பொருந்துகிறதா பாருங்கள். ஒரு துளை மூடினால் பவர் பிஸ்டனுக்கு வேக்யூம் போகாது. ஃப்ளோட் மட்டத்தைக் கிட்டோடு வரும் தாளில் உள்ள அளவுக்கே வையுங்கள்.

இரட்டைக் கார்புரேட்டர் போட்டால் எல்லாம் தீருமா?

ஒன்றைச் சமாளிக்க முடியாதவருக்கு இரண்டா? 1954-ல் இந்த எஞ்சின் 112 குதிரைச் சக்தி. மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போக அது தாராளம். கொஞ்ச நாள் ஒன்றோடு ஓட்டுங்கள்.

எப்போது இந்த கார்புரேட்டரைக் கைவிடலாம்?

உடம்பில் விரிசல் இருந்தால், மூடியைத் தேய்த்தும் நேராகாவிட்டால், உள்ளே தண்ணீர் நின்று வெள்ளைப் பொடியாக அரித்திருந்தால். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். என் அலமாரியில் அந்த இரண்டாவது கார்புரேட்டர் இன்னும் இருக்கிறது. இதுவரை அதிலிருந்து ஒரு சோக் தகடும், இரண்டு ஸ்க்ரூவும், ஒரு பம்ப் குண்டும் போயிருக்கின்றன.